கழுவிய பின் மிஞ்சும் ஊதா

தரமணியில் பறக்கும் ரயிலை விட்டு இறங்கும்போதே
நாற்பத்தொன்று நினைவுக்கு வந்துவிடும்.
நாற்பத்தொன்று ஒரு ஆள்.
பெண், ஐம்பத்திரண்டு வயது,
கழுத்து நரம்பில் போட்ட குழாய்;
ஸ்டிக்கரில் இருந்தது அவ்வளவுதான்.
மீதியை ஆஸ்பத்திரி வைத்துக்கொண்டது.

விரல் நீளத் துண்டு. உள்சுவரில் ஒரு வழுக்கல்.
லாரித் தண்ணீர் வராத வாரத்தில்
சின்டெக்ஸ் டேங்கின் அடியில் கைவிட்டவர்களுக்கு
அது என்னவென்று தெரியும்.

தட்டில் வளர்த்தேன். இரண்டாம் நாள்
வெண்ணெய்ப் பொட்டுகளாய் எழும்பின.
மூடியைத் திறந்தால் புளித்த இட்லி மாவின் வாசம்.
ஆட்டோக்ளேவைப் பார்த்துக்கொள்ளும் யேசுபாதம் அண்ணன்
"பசிக்குது மேடம், மூடுங்க" என்பார்.

ஒற்றை ஒற்றையாய் மிதக்கையில்
பூஞ்சை ஒரு பயந்த பிராணி.
ஒரு சொட்டு மருந்து போதும்.
பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டால் கதை வேறு.
உருண்டையாய் இருந்தது நீள்கிறது, நூல் விடுகிறது,
நூல்மேல் நூல், நடுவே பசை,
பசைக்குள் தண்ணீர் ஓட வாய்க்கால்கூட.
பிளான் அப்ரூவல் இல்லாமல் எழும்பிய அடுக்குமாடி.
அதே மருந்தை ஆயிரம் மடங்கு ஊற்றினாலும்
வாட்ச்மேனிடம் பேசிவிட்டுத் திரும்பிவிடும்.

தொண்ணூற்றாறு குழிகள். கழுவ வேண்டும்,
மெதுவாக, ஓரமாக, மூன்று முறை.
நான்காவது முறை கழுவினால்
நான் விரும்பும் விடையே கிடைக்கும். அது பொய்.
பிறகு சாயம்.
ஒட்டிக்கொண்டிருப்பது எவ்வளவோ
அவ்வளவு ஊதா.

தேர்தலன்று வேளச்சேரிப் பள்ளிக்கூடத்தில்
என் கையைப் பார்த்து அதிகாரி நிமிர்ந்தார்.
"ஏற்கெனவே போட்டாச்சாம்மா?"
அஞ்சு விரலிலுமா சார் மை வைப்பாங்க?
வரிசை சிரித்தது.
பூஞ்சைக்குப் போடும் சாயம் என்றேன்.
பின்னால் நின்றவர் அரையடி தள்ளி நின்றார்.

இரண்டு வாரம் கழித்து இன்னொரு குழாய்.
நாற்பத்தொன்று, 'ஆ'.
அதே பெண், புதுக் குழாய், அதே பூஞ்சை.
வீட்டை மாற்றியும் பழைய குடித்தனம்.
மூன்றாவது வரவில்லை.
வராததற்கு இரண்டு அர்த்தம் உண்டு.
எதுவென்று கேட்க
ஸ்டிக்கரில் போன் நம்பர் கிடையாது.

கூட்டம் பெருத்தால் இந்தப் பூஞ்சை
தானே ஒன்றைக் கசியவிடும்.
இடமில்லை, இனி நூல் விடாதே என்று
தன் ஆட்களுக்கே சொல்லும் சேதி.
சீசாவைத் திறந்தால் லேசாகப் பூ வாசம்.
கொல்ல முடியாததிடம்
அதன் சொல்லையே முந்திக்கொண்டு சொல்வது,
முதல் ஆள் வந்து இறங்கும்போதே
ஹவுஸ்ஃபுல் பலகையை மாட்டிவிடுவது.
யோசனை இவ்வளவுதான்.
இதற்கு மூன்று வருடம் போயிருக்கிறது.

டிசம்பர் மழையிரவில் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது.
முப்பத்தேழு டிகிரி முப்பத்தொன்றுக்கு இறங்கியது.
காலையில் முழங்கால் தண்ணீரில்
சுடிதாரைச் சுருட்டிக்கொண்டு வந்து பார்த்தால்
கடைசி வரிசையில் நான்கு குழிகள் வெறுமை.
துளி ஊதா இல்லை.
யேசுபாதம் அண்ணன் கைதட்டினார்.
நான் தட்டவில்லை.
தடுத்தது சேதியா, குளிரா?

மறுபடி போட்டேன். மூன்று.
மறுபடி. இரண்டு.
மறுபடி. மூன்று, அதில் ஒன்று சந்தேகம்.
நோட்டில் சந்தேகத்தையும் எழுதினேன்.

மைனஸ் எண்பதில், நீல மூடிக்குக் கீழே,
அவள் உடம்பில் குடியிருந்தது உறங்குகிறது.
எப்போது எழுப்பினாலும் எழும்.
அவளைப் பற்றி எனக்குத் தெரிந்த உயிர் அது ஒன்றுதான்.

வீட்டுக்குப் போயிருந்தால்
காதுக்குக் கீழே, கழுத்தோரம்,
அரிசியளவு தழும்பு இருக்கும்.
மாலை ரயிலில் கம்பியைப் பிடித்தபடி
இப்போதெல்லாம் கழுத்துகளையே பார்க்கிறேன்.
கஸ்தூர்பா நகரில் ஒருத்தி
முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு
என் விரல்களை முறைத்தாள்.